மனசுக்கு ஏது பாஸ்போர்ட்?

அசோக் நகர் தூணை எத்தனை ஆயிரம் தடவை கடந்து போயிருப்பீர்கள்! 'உச்சியிலே எத்தனை சிங்கம்?' என்று திடீரென்று கேட்டால், 'மூணு' என்பீர்கள். பாக்கெட்டில் கிடக்கும் ரூபாய் நாணயத்திலும் மூன்றுதானே தெரிகிறது! ஆனால், சிங்கம் நாலு. நீங்கள் எந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றாலும், ஒன்று உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கத்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மன நோயும் அப்படித்தான். லண்டன் டாக்டருக்கு ஒரு பக்கம் தெரியும். நம் ஊர் டாக்டருக்கு இன்னொரு பக்கம். நாலு பக்கமும் தெரிய வேண்டுமானால், நாலு ஊர்க்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். 'சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டு' என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்கிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான்.

ஆனால், ஒன்றாக உட்காருவது இருக்கிறதே... அங்கேதான் ஆரம்பிக்கிறது ரகளை. யார் நாற்காலி எங்கே? கேள்வி கேட்பது யார்? பதில் சொல்ல மட்டும் வந்தவர் யார்?

அண்ணா நகரில் ஒரு விலாசம்

அசோக் நகரில் மெட்ரோ ஏறுங்கள். வடபழனி, கோயம்பேடு தாண்டித் திருமங்கலத்தில் இறங்குங்கள். ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுத்துவிட்டு (அது தனி மனநலப் பிரச்னை!) அண்ணா நகர் மேற்கு விரிவுக்குப் போனால், 'ஸ்கார்ஃப்' என்று ஒரு நிறுவனம். மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1984-ல் தொடங்கியது.

தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961-லிருந்து 1978 வரை கண்காணிப்பாளர். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாம் சினிமாவிலும் டீக்கடையிலும் ஜோக் அடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்தக் கேட்டுக்குள்ளே இருந்து வேலை பார்த்தவர். 1992-ல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார்.

மனச்சிதைவு என்றால்? டாக்டர்கள் பாஷையில் ஸ்கிஸோஃப்ரினியா. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். நாளடைவில் பேச்சு குறையும், ஆர்வம் போகும். 'அந்நியன்' படத்து அம்பி - ரெமோ சமாச்சாரம் இது இல்லை, அது வேறு. உலகத்தில் சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் ஆரம்பிக்கும் வயது பதினெட்டிலிருந்து முப்பதுக்குள். அதாவது, முதல் சம்பளம் வாங்குகிற வயசு. பெண் பார்க்கிற வயசு. இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்கள் வயசு!

'நீங்க தேவலையே!'

1960-களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரிய ஆராய்ச்சியை ஆரம்பித்தது. ஒன்பது ஊர்கள். லண்டன், வாஷிங்டன், மாஸ்கோ, பிராக் என்று ஜம்பமான லிஸ்ட். அதில் நம் ஆக்ராவும் உண்டு. மொத்தம் 1,202 நோயாளிகள். 'மனச்சிதைவு என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதானா?' என்பது கேள்வி.

ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆனால், கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒரு பதில் வந்து விழுந்தது. சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஏழை நாட்டு நோயாளிகள் பணக்கார நாட்டு நோயாளிகளைவிட நன்றாக இருந்தார்கள்! 1978-ல் இன்னும் பெரிய அளவில், பத்து நாடுகளில் மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் கிட்டத்தட்ட அதே பதில்.

இங்கே சென்னையிலும் ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1981-82-ல் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு முதல் முறையாக இந்த நோயோடு வந்த 90 பேரைக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் விடவே இல்லை. பத்து வருஷம் கழித்து 76 பேரைக் கண்டுபிடித்தார்கள். இருபது வருஷம் கழித்து 61 பேர். பதினொரு மாசத்துக்கு ஒரு வீடு மாறுகிற இந்த ஊரில், செல்போன் இல்லாத காலத்தில், பத்து வருஷத்துக்கு முந்தைய விலாசத்தை வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் தேடிப் போய்ப் பாருங்கள், அதன் அருமை புரியும். பெரும்பாலோர் நோய் வந்தும் போயும், இடையிடையே தேறியும் வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்து விடாமல் நோயாகவே இருந்தவர்கள் சிலர்தான்.

நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய கட்டம், இல்லையா? 'எங்க குடும்பம், எங்க பாசம், எங்க கலாசாரம்' என்று மேடை போட்டுப் பேச வேண்டிய கட்டம்!

சென்னைக்காரர் ஒருவர் அதைச் செய்யவில்லை. ஸ்கார்ஃபின் இயக்குநராக இருந்த டாக்டர் ஆர்.தாரா, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் கோஹென், கோவாவில் வேலை செய்த விக்ரம் படேல், நைஜீரியாவின் ஓயே குரேஜே... இந்த நாலு பேரும் சேர்ந்து 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பதினொரு நாடுகளில் நடந்த 23 ஆராய்ச்சிகளை எடுத்து வைத்து, 'ஏழை நாட்டில் இந்த நோய் தானாகத் தேறிவிடும் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது' என்றார்கள். சிகிச்சைக்கே வராதவர்கள் எத்தனை பேர்? கணக்கில் வராமலே செத்துப்போனவர்கள் எத்தனை பேர்? கல்யாணம் ஆகியிருக்கிறது, வேலை இருக்கிறது என்றால் தேறிவிட்டதாக அர்த்தமா?

கவனியுங்கள். நம்மைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் சொன்ன புகழுரையை, 'ஒரு நிமிஷம் சார், சரி பார்க்கலாம்' என்று நிறுத்தியதில் நம் ஆட்களுக்கும் பங்கு இருக்கிறது. கூட்டாளி என்றால் அதுதான். திட்டினால் மட்டுமல்ல, புகழ்ந்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிற உரிமை இருக்க வேண்டும்.

வயிற்றில் புளி

சரி, ஒரு கூட்டு ஆராய்ச்சி எப்படித்தான் உருவாகிறது?

முதலில் கேள்வித்தாள். அது இங்கிலீஷில் இருக்கும். தமிழாக்க வேண்டும். ஒருவர் தமிழில் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப இங்கிலீஷாக்குவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த இடத்தில் சிரிப்புக்குக் குறைவே இருக்காது. கற்பனை பண்ணிப் பாருங்கள். 'மனசு நீலமாக இருக்கிறதா?' என்று நம் பாட்டியிடம் கேட்டால், 'கண்ணைத்தான் டாக்டர் கிட்ட காட்டணும்' என்பாள். பதிலுக்கு நாம், 'வயித்துல புளியைக் கரைக்குது சார்' என்றால், அந்த ஊர்க்காரர் அதைச் சமையல் குறிப்பு என்று எழுதிக்கொள்வார்!

வார்த்தையோடு போகாது. சில சமயம் கேள்வியையே இங்கேதான் தயாரிக்க வேண்டியிருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தின் பாரத்தை எப்படி அளப்பது? ஸ்கார்ஃப் ஆட்கள் குடும்பத்தாரிடமே, 'உங்களுக்கு எதும்மா கஷ்டமா இருக்கு?' என்று கேட்டுக் கேட்டு, நாற்பது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தயாரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு உருவாகி, 1998-ல் வெளியானது. அண்ணா நகரில் தைத்த சட்டை. அதனால்தான் நமக்குச் சரியாக இருக்கிறது.

அடுத்தது காகிதம். ஆபீஸில் ஒரு மேஜை விளக்கு வாங்க மூன்று கையெழுத்து வாங்கிய அனுபவம் உங்களுக்கு இருக்குமே, அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நெறிமுறைக் குழு, அங்கே ஒரு நெறிமுறைக் குழு. வெளிநாட்டுக் கூட்டு என்றால் டெல்லியில் ஐ.சி.எம்.ஆர். மூலமாக மத்திய சுகாதார அமைச்சகக் குழுவின் அனுமதி. வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். வாங்கியவர் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால், அனுமதி வாங்குகிற பாதி வேலைக்கு நியாயமான காரணம் உண்டு. இங்கே எடுத்த ரத்தம், இங்கே பேசிய அந்தரங்கம், கேட்பாரில்லாமல் எங்கோ போய்விடக் கூடாது.

அப்படிப் போன காலமும் உண்டு. அதற்கு ஆராய்ச்சி உலகத்திலேயே ஒரு கேலிப் பெயர், 'ஹெலிகாப்டர் ஆராய்ச்சி'. மேலேயிருந்து இறங்குவார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், பறந்துவிடுவார்கள். பிறகு கட்டுரை வெளிவரும்போது நம் ஊர் டாக்டருக்குக் கடைசி வரியில் ஒரு நன்றி! கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனால் எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை நிற்கும் என்று நமக்குத் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரையிலும் பெயர் எங்கே வருகிறது என்பது அதே அளவு பெரிய விஷயம். அடுத்த நிதி, அடுத்த வேலை, அடுத்த கேள்வியைக் கேட்கிற அதிகாரம் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

குளிச்சாச்சா?

கூட்டு ஒழுங்காக அமைந்தால் என்ன கிடைக்கும்? ஒரு ருசியான உதாரணம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மானுடவியல் பேராசிரியர் டான்யா லூர்மன், ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர்.பத்மாவதி, மற்றும் சகாக்கள். கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் தலா இருபது நோயாளிகள். எல்லோரிடமும் ஒரே விசாரணை: 'உங்களுக்குக் கேட்கிற குரல் யாருடையது? என்ன சொல்கிறது?' 2015-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் முடிவு அச்சானது.

அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் முகம் தெரியாதவை; சண்டை, வெட்டு, குத்து. அக்ராவில் பலருக்கும் கடவுளின் குரல். சென்னையில்? இருபதில் பதினொரு பேருக்குச் சொந்தக்காரர்களின் குரல்! சமையல் பண்ணு, சாப்பிடு, குளி என்று வேலை ஏவுகிற குரல்.

பாருங்கள் சார், நோயிலும் நம்மை விட மாட்டேன் என்கிறார்கள் உறவுக்காரர்கள்! சிரிப்பு நம்மைப் பார்த்துத்தான், நோயாளியைப் பார்த்து அல்ல. ஏனென்றால், இங்கேயும் எல்லாக் குரலும் இனிமையானது இல்லை. கூச வைக்கிற, வதைக்கிற குரல்களும் உண்டு. தவிர, அறுபது பேரை வைத்து மூன்று தேசங்களுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், ஒரு கதவு திறந்தது. குரல் என்றாலே பயங்கரம் என்று சான் மாட்டியோவில் மட்டும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, குரலோடு ஓர் உறவு வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களும் உண்டு என்பது தெரிந்தது. நாலாவது சிங்கம்!

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தோடு நடந்தது இன்னொன்று. மான்ட்ரியலில் 165 பேர், சென்னையில் 168 பேர். முதல் தடவை நோய் வந்தவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இரண்டு வருஷ சிகிச்சை. 2020-ல் வந்த முடிவின்படி, குரல், சந்தேகம் போன்றவை குறைவதில் இரண்டு ஊரும் சமம். பேச்சும் ஆர்வமும் திரும்பி வருவதில் சென்னை ஒரு படி மேல். நம் குடும்பங்கள் சிகிச்சையில் கூடவே நிற்பதற்கு அதில் ஒரு பங்கு இருக்கலாம் என்கிறார்கள். அங்கே வயது வந்த பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அப்பாவிடம் டாக்டர் வாயே திறக்க மாட்டார். இங்கே? டாக்டர் அறையில் நோயாளிக்கு உட்கார நாற்காலி கிடைப்பதே கஷ்டம், சித்தப்பா உட்கார்ந்திருப்பார்!

ஒன்பது விசாரிப்பு

கூட்டு என்றாலே வெள்ளைக்காரரோடுதான் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டோடும் சேரலாம். பிரேசிலின் காம்பினாஸ், இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், நம் சென்னை... உலக சுகாதார நிறுவனம் சேர்த்து வைத்த ஐந்து ஊர்கள் இவை. சென்னைப் பக்கத்து வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர், 1986-ல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார்.

தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு கூட, வீட்டுக்குப் போகும்முன் ஒரு மணி நேரப் பேச்சு. அப்புறம் பதினெட்டு மாசத்தில் ஒன்பது தடவை போன் செய்தோ, நேரில் போயோ ஒரு விசாரிப்பு. 'எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா? ஏதாவது உதவி வேணுமா?'

அவ்வளவுதானா? அவ்வளவுதான். புது மாத்திரை இல்லை, மெஷின் இல்லை. 2008-ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் பிற்பாடு தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவிகிதம். விசாரித்த பிரிவில் 0.2 சதவிகிதம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பது மனுஷ உயிர்.

கோடிக்கணக்கில் செலவழிக்க முடியாத ஊர்கள் சேர்ந்ததால்தான், கோடி இல்லாமல் முடிகிற வழியைத் தேடினார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்திலும் கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் சதாராவிலும் 282 மனச்சிதைவு நோயாளிகளோடு நடந்த ஆராய்ச்சியும் இந்த ஜாதிதான். பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீட்டுக்குப் போய் உதவினால் நோயின் கஷ்டமும் முடக்கமும் ஓரளவு குறைகின்றன என்று 2014-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஓரளவுதான்; அற்புதம் என்று அவர்களே சொல்லவில்லை. பலன் அதிகம் தெரிந்தது, மருத்துவ வசதி குறைவாக இருந்த நம் காஞ்சிபுரம் பக்கம்.

இன்னொரு கூட்டில் செங்கல்பட்டு வட்டாரம், நைஜீரியாவின் இபாடான், பிரையன் லாராவின் ஊரான டிரினிடாட் மூன்றும் லண்டன் கிங்ஸ் கல்லூரியோடு சேர்ந்தன. சிகிச்சைக்கே வராதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் பார்த்தால் ஆகாது. கோயில் பூசாரி, மந்திரிக்கிறவர், ஊர்ப் பெரியவர் என்று விசாரித்துக்கொண்டே போனார்கள். 2008-ல் அந்த நாலு பேர் கேட்ட 'கணக்கில் வராதவர்கள் எங்கே?' என்ற கேள்விக்கு, இப்படித்தான் பதில் தேட வேண்டியிருந்தது.

தாலி சொல்கிற கதை

குடும்பத்துக்கு இவ்வளவு பாராட்டுப் பத்திரம் வாசித்தாயிற்று. நாணயத்தின் மறு பக்கத்தையும் பார்த்துவிடுவோம்.

ஸ்கார்ஃப் ஆராய்ச்சியாளர்கள், மனச்சிதைவு நோயோடு கணவரைப் பிரிந்த, விவாகரத்தான பெண்களைப் பற்றி 2003-ல் எழுதினார்கள். நோயைவிட, 'வாழாவெட்டி' என்ற பெயர்தான் அந்தப் பெண்களையும் அவர்கள் குடும்பங்களையும் அதிகமாகச் சுட்டது. கணவன் போயும் தாலியைக் கழற்றாதவர்கள் உண்டு. மருந்து வாங்கிக் கொடுத்து, சோறு போட்டுப் பார்த்துக்கொண்டது யார்? வயதான அப்பா, அம்மா. 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று மறைத்துக் கட்டி வைத்தவர்களும் பல வீடுகளில் அதே அப்பா, அம்மாதான்.

இதைச் சொல்ல வெளியூர் ஆராய்ச்சியாளரால் முடியாது. மான்ட்ரியல்காரர் கணக்கில் 'குடும்ப ஆதரவு' ஒரு கட்டத்தில் டிக் அடிக்கப்படும். அந்த டிக்குக்குப் பின்னால் ஓர் எழுபது வயது அம்மாவின் முழங்கால் வலி இருக்கிறது என்பது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தமிழில் பேசியவருக்குத்தான் தெரியும். கூட்டு வேண்டும் என்பது அதனால்தான். அவர்களிடம் பணமும் கருவியும் இருக்கிறது. நம்மிடம் பதில் மட்டும் இல்லை, கேள்வியும் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: உங்கள் வாசலுக்கு ஆராய்ச்சி வந்தால்...

உங்களையோ, வீட்டில் ஒருவரையோ 'ஒரு ஸ்டடியில் சேருங்கள்' என்று கேட்டால், கையெழுத்துக்கு முன்னால் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. பணம் யார் கொடுக்கிறார்கள்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா?

2. நான் சொல்வதும், என் ரத்தமும் எங்கே போகும்? யார் பார்ப்பார்கள்?

3. நடுவில் விலகினால் என் சிகிச்சை நிற்காதே?

4. கடைசியில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எனக்குத் தமிழில் சொல்வீர்களா?

5. சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது?

தயங்காதீர்கள், இது உங்கள் உரிமை. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமே, தெரிந்து தருகிற சம்மதம் இல்லாமல் ஆராய்ச்சி கூடாது என்கிறது. நல்ல ஆராய்ச்சியாளர் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

மனசு ரொம்பக் கனத்தால், உங்களுக்கோ நண்பருக்கோ, மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

அடுத்த கேள்வி

நோயாளியின் பெற்றோர் கூடுகிற இடத்தில் காது கொடுத்தால், எந்த ஊரானாலும் ஒரு கேள்வி கட்டாயம் விழும். 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துப்பாங்க?'

அண்ணன் ஹூஸ்டனில், தங்கை பெங்களூரில், வீட்டில் மிச்சம் இரண்டு பெரியவர்கள். சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று கூட்டமாக இருந்து தாங்கியது அந்தக் காலக் குடும்பம். இப்போது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் அத்தைக்கு இடம் இல்லை. குடும்பத்தால்தான் நாம் ஜெயிக்கிறோம் என்றால், குடும்பம் சுருங்கச் சுருங்க என்ன ஆகும்? நேற்றைய சென்னையை வைத்து எடுத்த மார்க், நாளைய சென்னைக்குச் செல்லுமா?

மான்ட்ரியலுக்கு இந்தத் தனிமை பழகிய சமாச்சாரம். பெரியவர்கள் போன பிறகு அரசாங்கம் என்ன செய்யலாம், என்ன செய்தால் தோற்கும் என்று அவர்களுக்கு அனுபவம் உண்டு. இந்தத் தடவை நாம் கேட்க, அவர்கள் பதில் சொல்லட்டும். ஒன்பது தடவை விசாரிக்கிற வித்தையை நாம் அவர்களுக்குச் சொல்லித் தருவோம்.

அந்தக் கேள்வியோடு ஒரு அம்மா இன்றைக்கும் நம் தெருவில் எங்கோ உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பதில் கொண்டுவருகிற கூட்டுதான் கூட்டு. மற்றதெல்லாம் வெறும் குரூப் போட்டோ!